ஜிம்மியின் முழங்கால்

"நாய்க்கும் ஒப்பரேசனோ?" என்று எங்கள் ஒழுங்கையில் கேட்காதவர் இல்லை. எங்களுடையது நானும் அம்மாவும் இரு பெண்பிள்ளைகளும் வாழும் வீடு. 2010 இல் மீளக்குடியமர்ந்த காலந்தொட்டு, படலையடியில் ஒரு நாய் கிடக்கிறது என்ற துணிவில்தான் இரவில் கண்மூடுகிறோம். ஆறு வயது ஜிம்மி பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியபோது சும்மா இருக்க முடியவில்லை.

தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் சேர்த்துப் பிடிக்கும் நார் அறுந்துவிட்டதென்றார் மிருக வைத்தியர். நாய்களில் இந்நார் பெரும்பாலும் மெல்ல மெல்ல நைந்து, ஒரு துள்ளலில் அறுகிறது. உடல் பருத்தால் ஆபத்து அதிகம். மூட்டுக்கு வெளியே தடித்த நைலோன் இழையால் இறுக்கிக் கட்டினார்கள். அவ்விழை நெடுங்காலம் தாங்காது. அதற்குள் மூட்டைச் சுற்றித் தழும்பு இழையம் வளர்ந்து உறுதியாக வேண்டும். ஆகவே சத்திரசிகிச்சை பாதி, வீட்டுப் பராமரிப்பு மீதிப் பாதி.

முதல் இரு வாரங்களும் விறாந்தை மூலையை அடைத்து அவனை விட்டோம். சீமெந்துத் தரை வழுக்காதிருக்கச் சாக்கு விரித்தோம். முதல் சில நாட்கள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, நாளுக்கு மூன்று தடவை பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்தேன். காயத்தை நக்காதிருக்க, அடி வெட்டிய பிளாஸ்டிக் வாளியைக் கழுத்தில் மாட்டினோம். சலம் கழிக்க மட்டும், வயிற்றின் கீழ் துவாயைக் கொடுத்துத் தாங்கி, சங்கிலியுடன் வெளியே கூட்டிச்சென்றோம். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள்.

பின்னர் வைத்தியர் காட்டித் தந்தபடி, அவனைச் சரித்துப் படுக்கவைத்து முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டினேன். ஐந்து நிமிட நடையை வாரந்தோறும் சிறிது கூட்டினோம். பன்னிரண்டு வாரங்கள் ஓட்டமும் இல்லை, படியேற்றமும் இல்லை. நோ குறைந்ததும் துள்ளப் பார்ப்பான். அப்போதுதான் கூடிய கவனம் தேவை.

சகோதரிகளே, பனடோல், இபுபுரோபன் போன்ற எங்கள் மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்காதீர்கள்; அவை உயிருக்கே ஆபத்தாகலாம். காயத்தில் சீழோ நாற்றமோ இருந்தால், ஊன்றிய காலை மறுபடி தூக்கினால், உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். இச்சத்திரசிகிச்சை எல்லா இடங்களிலும் செய்யப்படுவதில்லை. உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலையும் உண்டு.

ஏறக்குறைய பாதி நாய்களுக்கு மற்றக் காலிலும் பின்னர் இதே நார் அறுகிறதாம். அதனால் இன்றும் ஜிம்மிக்குச் சோறு அளந்துதான். பிள்ளைகள் ஒளித்துக் கொடுக்கும் பிஸ்கற்றைத்தான் இன்னும் நிறுத்த முடியவில்லை.