உடன் சென்ற உடைமைகள்



"போகும்போது எதைக் கொண்டு போகப் போகிறோம்?" என்று நம் வீட்டு முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கி.பி. 5 முதல் 7 ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் வாழ்ந்த ஆங்கிலோ-சாக்சன் மக்களோ, தம்முள் மாண்டவர் பலரை வெறுங்கையோடு அனுப்பவில்லை.

ஆடவர் சிலர்க்கு ஈட்டியும் கேடயமும் வைத்தனர். பெண்டிர்க்குத் தோளில் ஆடையைப் பிணைக்கும் உலோக ஊக்குகள், அவற்றினிடையே கண்ணாடி மணியும் அம்பர் மணியும், இடுப்பில் திறவுகோல். இருபாலார்க்கும் பொதுவாகக் கிடைப்பது ஒரு சிறிய இரும்புக் கத்தி. எரியூட்டியவரின் சாம்பல் தாழிகளில் சீப்பும் சாமணமும்கூட உள்ளன. சில ஊக்குகள் தேய்ந்தவை. சில உடைந்து செப்பனிடப்பட்டவை. ஆம், அவை நாள்தோறும் அணிந்தவை!

வேதியியல் பயிலும் எனக்கு வியப்பூட்டுவது இன்னொன்று. புளிப்புத்தன்மை மிக்க மணல் எலும்பையும் கரைத்துவிடும். ஆனால் இரும்பின் துரு, தன்னைத் தொட்டுக் கிடந்த துணியின் இழைகளில் ஊறி, நெசவின் வடிவை அப்படியே காத்துத் தருகிறது. பொருளை அழிக்கும் துருவே சான்றைக் காக்கிறது!

1939 இல் சட்டன் ஹூ என்னுமிடத்தில் பேசில் பிரவுன் ஒரு மேட்டை அகழ்ந்தார். ஏறத்தாழ 27 மீட்டர் நீளக் கப்பல் ஒன்றின் சுவடு தென்பட்டது. மரம் மக்கிப்போக, இரும்பு ஆணிகள் மட்டும் வரிசை குலையாமல் நின்றன. உள்ளே தலைக்கவசம், வாள், யாழ் போன்ற லயர் என்னும் நரம்புக் கருவி, பொன்னணிகள். உடலை மட்டும் காணோம்! பின்னாளில் செய்த சோதனையில் வெளிப்பட்ட பாஸ்பேட், அங்கே ஓர் உடல் கிடந்து கரைந்ததைக் குறிப்பாக உணர்த்திற்று. அக்கால அணிகளில் பதித்த கார்னெட் என்னும் சிவப்புக் கற்களுள் பல, இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவை என்பதும் ஆய்வில் தெளிந்த செய்தி.

ஆனால் இங்கே நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். ஈட்டி இருந்தால் புதைந்தவன் வீரன் என்று முடிவு கட்டிவிடலாமா? போரிடும் வயதை எட்டாத சிறுவரின் குழிகளிலும் ஈட்டி கிடைத்துள்ளதே! பொருளை வைத்தவர் இறந்தவர் அல்லர், இருந்தவர். அவன் யாராக வாழ்ந்தான் என்பதைவிட, யாராக அவனை நினைக்க விரும்பினர் என்பதையே அந்த ஈட்டி கூறுகிறது.

இதே வினா 1939 இல் ஒரு விசாரணை மன்றத்திலும் எழுந்தது. சட்டன் ஹூ செல்வம், மீண்டும் எடுக்கும் எண்ணத்தோடு புதைக்கப்பட்டதா? ஆயின் அது அரசுக்கு உரியது. இல்லை, திரும்பப் பெறும் எண்ணமின்றியே புதைத்தனர் என்றனர் நடுவர் குழுவினர். எனவே அது நிலத்துக்குரிய ஈடித் பிரெட்டி அம்மையாருக்கு உரியதாயிற்று. அவரோ அதனை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வழங்கிவிட்டார்.

கண்ணாடிப் பேழைக்குள் அப்பொருள்களைக் காண்போர், பொன்னின் எடையை மட்டும் எண்ணாதிருப்பாராக. அவை இருமுறை ஈந்தவை.