சரளைப் பாதைப் பிசின்

சரளைப் பாதைப் பிசின் என்பது நடைபாதைகளிலும் வீட்டு வாகனப் பாதைகளிலும் சரளைக்கற்கள் சிதறாமல் பிணைக்கப் பயன்படும் செயற்கைப் பிசின் ஆகும்.

பயன்படுத்தும் முறைகள்

கற்களைப் பிசினுடன் கலந்து பரப்பினால் இடைவெளிகள் எஞ்சும். அடித்தளமும் நீரைப் புகவிடுமாயின் மழைநீர் நிலத்துள் இறங்கும். பிசினைப் பூசி அதன்மேல் கற்களைத் தூவினால் நீர் இறங்காது. இங்கிலாந்தில் 2007 ஆம் ஆண்டு வெள்ளத்தைத் தொடர்ந்து, வீட்டு முன்புறத்தில் 5 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நீர்புகாத் தளத்தின் மழைநீர் வளாகத்து மண்ணில் வடியாவிடில் திட்ட அனுமதி தேவை என 2008 அக்டோபரில் விதிக்கப்பட்டது.

வகைகள்

* எப்பொக்சி: உறுதியானது, வெயிலில் மஞ்சளாகும்.
* அரோமேட்டிக் பாலியூரித்தேன்: விலை குறைவு, புறஊதாக் கதிர்களால் பழுப்பாகும். கருநிறக் கற்களில் இம்மாற்றம் அதிகம் தெரியாது.
* அலிபாட்டிக் பாலியூரித்தேன்: விலை அதிகம், நிறமாற்றம் மிகக் குறைவு. வெளிர்நிறக் கற்களுக்கு ஏற்றது.

ஈரத்தின் விளைவு

பாலியூரித்தேன் பிசினிலுள்ள ஐசோசயனேட்டு நீருடன் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். ஆதலால் ஈரமான கற்களில் பிசின் நுரைத்து வலுவிழக்கும். கற்கள் விரைவில் பெயரும். எவ்வகையைத் தேர்ந்தாலும் உலர்ந்த கற்களும் மழையற்ற நாளும் இன்றியமையாதவை.