ஞானஸ்நானமும் கூலியும்



மறைந்த தோழரின் நினைவாக நடக்கும் இந்த உரைக்கு என்னை அழைத்த மன்றத்து நண்பர்கள், தலித் கிறித்தவரின் விசுவாசத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இறையியல் வகுப்பாக ஆக்கிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். நியாயமான நிபந்தனைதான். நம் மக்களின் விசுவாசம் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று ஆலயத்தின் பிரசங்க மேடை, இன்னொன்று தாசில்தார் அலுவலகம். அங்கே 'உன் விசுவாசம் போதுமா' என்கிறார்கள். இங்கே 'உனக்கு எதற்கு இந்த விசுவாசம்' என்கிறார்கள். அந்த விசுவாசத்தை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகிற மனிதரைப் பற்றி இரண்டு இடத்திலும் பேச்சில்லை. நான் அவரிடமிருந்து தொடங்குகிறேன்.

சென்னையில் ரண்டால்ஸ் சாலையும் வேப்பேரி நெடுஞ்சாலையும் சந்திக்கிற இடத்தில் தெருவோரமாக உட்கார்ந்து செருப்புத் தைத்தவர் சூசை. 1982இல் அரசு, தெருவோரத்தில் செருப்புத் தைப்பவர்களுக்கு இலவசமாகப் பங்க் கடை கொடுக்க ஆணையிட்டது. வெயிலுக்கும் மழைக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூரை பட்டியல் சாதியினருக்கு மட்டும். சூசை பிறப்பால் ஆதிதிராவிடர், மதத்தால் கிறித்தவர். அதே தொழில் செய்த இந்துத் தொழிலாளிக்கு உண்டு, அவருக்கு இல்லை என்றார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985 செப்டம்பர் 30ஆம் நாள் அவருடைய மனு தள்ளுபடியானது.

காரணம் 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரையும் பட்டியல் சாதியாகக் கருதக்கூடாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் உள்ளே சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் இஸ்லாமியரும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். இவ்வளவும் நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். ஆகஸ்டு 10ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். நான் நிற்க விரும்புவது தீர்ப்பின் வேறொரு இடத்தில். மதம் மாறிய பிறகும் சாதி தொடரக்கூடும் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, பழைய மதத்தில் இருந்த அதே கடுமையோடு இழிவும் தடைகளும் புதிய மதச் சூழலிலும் தொடர்கின்றன என்று காட்ட வேண்டும், அதற்கான விரிவான ஆய்வு எதுவும் எங்கள் முன் வைக்கப்படவில்லை என்றது.

சமூகவியல் படித்தவர் யாரும் இந்த இடத்தில் ஒரு கணம் திகைப்பார்கள். ஞானஸ்நானம் பெற்ற மறுநாள் சூசை எங்கே உட்கார்ந்தார்? அதே தெருவோரம்தான். கையில் அதே ஊசி, அதே நூல். செருப்பைக் கழற்றி நீட்டிய கால்களும் அதே கால்கள். அவருடைய 'சூழல்' என்பது எது? வாரத்தில் இரண்டு மணி நேரம் இருக்கிற ஆலயமா, மீதி நேரமெல்லாம் இருக்கிற தெருவா? சட்டம் அவரை மதத்தின் உள்ளே வைத்துத் தேடியது. அவரோ பிழைப்பின் உள்ளே இருந்தார்.

இதே தொழிலைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் நூலில் ஒரு செய்தி இருக்கிறது. ஆலயங்களில் அதை வேகமாகக் கடந்துவிடுவார்கள். பேதுரு யோப்பா பட்டணத்தில் பல நாள் தங்கினார். தங்கியது தோல் பதனிடும் சீமோன் என்பவருடைய வீட்டில். அந்த வீடு கடற்கரையோரம் இருந்தது. ஏன் கடற்கரையோரம் என்பதற்கு மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பைப் பார்த்தால் விளங்கும். செத்த பிராணி, கல்லறை, தோல் பதனிடும் இடம் ஆகிய மூன்றும் ஊரிலிருந்து 50 முழம் தள்ளித்தான் இருக்க வேண்டும் என்கிறது அது. கணவன் தோல் பதனிடுபவன் என்றால் மனைவி மணமுறிவு கேட்கலாம் என்றும் சொல்கிறது. ஊருக்கு வெளியே, நாற்றத்தின் பக்கத்தில். நமக்கு இதை விளக்கவே வேண்டாம், நம்முடைய சொல்லில் அது சேரி. சாதியும் யூதத் தீட்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொழிலை வைத்து ஆளைத் தள்ளி வைக்கும் வழி ஒன்றுபோல இருக்கிறது. அந்த வீட்டு மாடியில் பசியோடு ஜெபம் செய்துகொண்டிருந்தபோதுதான் பேதுருவுக்குத் தரிசனம் வருகிறது. கடவுள் சுத்தமாக்கியதைத் தீட்டென்று நீ சொல்லாதே என்பது அதன் சாரம். பிரசங்கங்களில் இந்தத் தரிசனம் புறஜாதியாருக்குக் கதவு திறந்த கதையாக மட்டும் சொல்லப்படும். எந்தக் கூரையின் மேல் நின்று அது சொல்லப்பட்டது என்பதை விட்டுவிடுவார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி ஷூவின் மேல்பகுதி தைக்கிற நம் பெண்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவர்கள் உடனே கேட்கப்போவது அந்தக் கூரையைப் பற்றித்தான்.

தோலைப் பற்றிப் பேசும்போது இன்னொரு வரலாற்றையும் சொல்ல வேண்டும். இது நடந்தது தெலுங்குப் பகுதியில், ஆனால் அன்று அதுவும் சென்னை மாகாணம்தான். அங்கே மாதிகர் என்று அழைக்கப்படுபவர்கள் நம் அருந்ததியர் தோழர்களுக்கு உறவானவர்கள். ஓங்கோலில் ஜான் கிளஃப் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி 1866 முதல் பணி செய்தார். வேலையைத் தொடங்கி வைத்தவர் அவரல்ல என்பது என் கருத்து. தோல் வியாபாரத்துக்காக ஊர் ஊராக நடந்த எர்ரகுண்ட்ல பெரையா என்ற மாதிகர், தன் தொழில் தொடர்புகளின் வழியாகவே செய்தியைக் கொண்டுபோனார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மூன்று விதிகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது, செத்த மாட்டுக் கறி தின்னக்கூடாது, சிலைகளை வணங்கக்கூடாது. மிஷனரிக்கு இவை மத ஒழுங்கு. ஊராருக்கு இவை என்னவாகத் தெரிந்தன என்று யோசியுங்கள். ஏழு நாளும் உழைக்கக் கடமைப்பட்ட பண்ணையாள் ஒரு நாள் வரமாட்டேன் என்கிறான். செத்த மாட்டை இழுத்துப்போகிறவன் அந்தக் கறி எனக்கு வேண்டாம் என்கிறான். திருவிழாவுக்கு மேளம் அடிக்கிறவன் வரமாட்டேன் என்கிறான். சங்கம், தொழிற்சங்கம் என்ற சொல்லெல்லாம் அந்த ஊருக்கு வருவதற்கு முன்பே நடந்த வேலைநிறுத்தம் அது. ஊரார் அதைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள். பொதுக் கிணறு மூடப்பட்டது, கடையில் சாமான் கொடுக்கவில்லை, வேலையும் கொடுக்கவில்லை. (நம் உணவின் மீதான அருவருப்பும் அந்த விதிகளோடு கூடவே வந்தது என்பது உண்மை. பறை விஷயத்திலும் அப்படித்தான். சாவு வீட்டுக் கட்டாயமாக இருந்ததை உதறியவர்களின் பேரப்பிள்ளைகள் அதை விடுதலையின் இசையாகத் திரும்ப எடுக்க ஒரு நூற்றாண்டு ஆனது.)

பிறகு 1876-78 பெரும் பஞ்சம். கிளஃப், சென்னை வழியாகவும் ஓடுகிற அதே பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்து, பட்டினி கிடந்தவர்களைக் கூலிக்கு அமர்த்தினார். பஞ்சம் தீரும்வரை ஞானஸ்நானம் கொடுப்பதை நிறுத்தி வைத்தார். நிவாரண வேலை முடிந்த பிறகுதான், 1878 ஜூலை 3ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேர் குண்டலகம்மா ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார்கள். சோற்றுக்கு மதம் மாறியவர்கள் என்று இன்றுவரை நம்மை ஏசுகிறார்களே, அவர்களுக்கு இந்தத் தேதி தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்கள் மண் வெட்டிக் கூலி வாங்கிச் சாப்பிட்டார்கள், சோறு நின்ற பிறகு வந்து நின்றார்கள்.

இன்றைய நிலைக்கு வருகிறேன். நம் குடியிருப்புகளில் பலருக்கு இரண்டு பெயர் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழிலும் சாதிச் சான்றிதழிலும் ஒன்று, ஜெபக்கூட்டத்தில் இன்னொன்று. இதை ஏமாற்று என்கிறார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்கும் போய்க்கொண்டிருந்த ஒரு புதுச்சேரிப் பெண் எழுத்தர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டதை மறுத்தபோது, அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றே இதைச் சொன்னது. தாய்மதம் திரும்பினால் சாதியும் திரும்பக் கிடைக்கும் என்பது நீதிமன்றங்கள் பல முறை ஏற்ற நிலை. அதாவது சாதி எங்கேயும் போய்விடவில்லை, காத்துக்கொண்டுதான் இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும். இரண்டு பெயர் வைத்திருக்கிற தாயை நான் பொய்யர் என்று சொல்லமாட்டேன். பிள்ளையின் படிப்பையும் தன் கடவுளையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடு என்கிற சட்டத்துக்கு முன்னால், இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் அவர். நம் சமயக் குருமார்களில் சிலர் இவர்களை அரைகுறை விசுவாசிகள் என்று மேடையில் கடிந்துகொள்வதைக் கேட்டிருக்கிறேன். தன் விசுவாசத்துக்கு எந்த விலையும் கொடுக்க வேண்டியிராதவருக்குத்தான் அந்தக் கண்டிப்பு எளிதாக வரும்.

திருச்சபையின் உள்ளேயும் வேலையின் கதை அதுவேதான். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அந்த நூலை மடத்தை விட்டு வெளியேறிய ஒரு கன்னியாஸ்திரியின் கசப்பாக மட்டும் வாசித்தவர்கள் உண்டு. ஆனால் அதில் மடத்தின் கட்டடங்களில் யார் கூட்டினார்கள், யார் கக்கூஸ் கழுவினார்கள் என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. நாயக்கர் வீட்டில் எட்ட நின்று சோறு வாங்கிய பாட்டியின் வேலையும், கன்னியர் மடத்தில் துடைப்பம் பிடித்தவளின் வேலையும் ஒரே வேலைதான் என்று ஒரு பெண் கண்டுகொண்டதுதான் அந்த நூலின் மையம் என்பேன். 2008இல் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டுப் போராடியபோது அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு உயிர் போனது. அங்கே பிண வண்டியில் இருந்து கல்லறைக்குப் போகிற பாதைவரை தனித்தனி. பழைய மதத்தின் கடுமை புதிய மதத்தில் தொடர்கிறதா என்று கேட்ட நீதிமன்றத்துக்கு எறையூரில் ஒரு நாள் நின்றிருந்தால் போதும்.

இதற்கெல்லாம் பதிலாக ஒருவர் சோற்றுப் பானையை முன்வைத்தார். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு. நம் ஆட்களுக்கு அவர் பரட்டை. 1940இல் பிறந்து 2005இல் மறைந்தார். கர்நாடக மெட்டில் கீர்த்தனை பாடுவதுதான் பக்தி என்று இருந்த இடத்தில், நாட்டுப்புற மெட்டையும் பேச்சுத் தமிழையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். சேரியில் பாடுகிறவள் தன் நிலைமைக்கு ஏற்ப அடியை மாற்றிப் பாடலாம், புதிதாகச் சேர்க்கலாம், அதனால்தான் அந்த இசை மக்களுடையது என்பது அவர் வாதம். அவர் வலியுறுத்திய இன்னொன்று ஒரே உலை. உள்ளதைக் கொண்டுவந்து ஒரே உலையில் போட்டு, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகச் சாப்பிடுவது. நற்கருணை என்பது நாக்கில் வைக்கிற சிறு அப்பம் என்று ஆகிவிட்டதை அவர் ஏற்கவில்லை. சாதி என்பது யாரோடு யார் சாப்பிடலாம் என்ற ஒழுங்கு. பட்டினி என்பது உலை ஏறாத வீடு. இரண்டையும் ஒரே பானை தொடுகிறது. கேட்க எளிதாக இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை அசனம் போடுகிற சபைகள், அந்த அசனத்தில் யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் எச்சில் இலை எடுக்கிறார்கள் என்று பார்த்தால் இது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

பட்டியல் சாதித் தகுதியைப் பொறுத்தவரை, ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே அந்த மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு அமைத்த பாலகிருஷ்ணன் ஆணையத்துக்குக் கொடுத்த இரண்டு ஆண்டு போதவில்லை என்று காலம் நீட்டிக்கப்பட்டது.

ஆணையத்தின் அறிக்கைக்காக இந்த மன்றம் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. 1985இல் இல்லை என்று சொல்லப்பட்ட ஆய்வைச் செய்ய நம்மிடம் ஆள் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் திருச்சபைப் பள்ளி, கல்லூரி, மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்ப்பவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார், நிரந்தரமா ஒப்பந்தமா, வைப்புநிதி பிடிக்கிறார்களா, ஞாயிற்றுக்கிழமை விடுப்பு உண்டா என்று கேட்டு எழுத வேண்டும். ஓங்கோலில் ஞாயிறு ஓய்வுக்காகக் கிணற்றை இழந்தவர்களின் வழியில் வந்த சபைகள், ஆலய மணி அடிக்கும் நேரத்தில் யாரை வளாகத்தைக் கூட்டச் சொல்கின்றன என்பதும் அந்தக் குறிப்பேட்டில் வரட்டும். கல்லறைத் தோட்டங்களின் வரைபடம் ஒன்று வேண்டும், செருப்புத் தைப்பவர்களுக்கும் தோல் தொழிற்சாலைப் பெண்களுக்கும் கிடைக்கும் கூலிக் கணக்கு ஒன்று வேண்டும். கல்லூரியில் சமூகவியல் படிக்கிற பிள்ளைகள் இந்த அரங்கில் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உரை முடிந்ததும் வாசலருகே ஒரு மேசை போட்டிருக்கிறோம், எந்த ஊரை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.