கட்டி சுருங்கினால் ஆயுள் கூடுமா?

தசை, கொழுப்பு, எலும்பு ஆகியவற்றில் தோன்றும் சார்கோமா ஓர் அரிய புற்றுநோய். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்றுதான் இது. அதற்குள்ளும் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள். ஒரு மருத்துவமனை தனியாக மருந்தைச் சோதித்து முடிவு சொல்ல முடியாது. பல நாடுகள் கைகோக்க வேண்டும்.

ஐரோப்பாவை மையமாகக் கொண்டு 2003 முதல் 2010 வரை அப்படியொரு சோதனைக்கு ஆள் சேர்த்தார்கள். தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் நோய் முற்றிய 455 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து மட்டும். மீதிப் பேருக்கு அதோடு ஐஃபாஸ்ஃபமைடு என்ற மருந்தும். ஒற்றை மருந்தில் 14 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது, இரட்டை மருந்தில் 26 சதவீதம் பேருக்கு. ஆயுளோ இடைநிலைக் கணக்கில் 12.8 மாதம், 14.3 மாதம். இந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றது புள்ளியியல்.

நான் முதலில் தேடும் எண் வேறு. வெள்ளணு குறைந்து காய்ச்சல் கண்டவர்கள் ஒற்றை மருந்தில் 13 சதவீதம், இரட்டை மருந்தில் 46 சதவீதம். கீமோவுக்குப் பின் வரும் அந்தக் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். கொல்லிமலையில் ஒருவருக்கு நள்ளிரவில் அது வந்தால், நாமக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போக 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கியாக வேண்டும். சோதனைத் திட்டம் எழுதுபவர்கள் இந்தத் தூரத்தையும் பக்கவிளைவாகவே எண்ண வேண்டும். கட்டி சுருங்கினால் அறுவை செய்யலாம், வலி குறையும் என்ற நிலையில் இரட்டை மருந்து பயன்படும். எல்லோருக்கும் அது வேண்டியதில்லை. எலும்பில் வரும் ஆஸ்டியோசார்கோமா, யூயிங் சார்கோமாவில் கதை வேறு. அங்கே பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதுதான் குணத்துக்கு வழி.

சிறிய சோதனையை நம்பி ஏமாந்ததும் உண்டு. டாக்சோரூபிசினோடு ஓலராடுமாப் என்ற மருந்தைச் சேர்த்ததில் ஆயுள் 14.7 மாதத்திலிருந்து 26.5 மாதமாகக் கூடியதென 133 பேரிடம் நடந்த சோதனை காட்டியது. 2016-இல் அமெரிக்கா துரித அனுமதி கொடுத்தது. பிறகு 509 பேரிடம் சோதித்தபோது பலனே தெரியவில்லை. 2019-இல் அந்த முடிவு வெளியானதும் மருந்து சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு மருந்துச் சோதனை விதிகளின்படி, சோதனையைப் பற்றி நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். எப்போது வேண்டுமானாலும் அவர் விலகலாம். சோதனையால் பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு. கையெழுத்துப் போடுமுன் மருத்துவரிடம் கேளுங்கள்: எந்த மருந்தோடு ஒப்பிடுகிறீர்கள்? கட்டியை அளக்கிறீர்களா, ஆயுளையா? ராத்திரியில் காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் செய்வது?