நூலில் வந்த சிக்கலுக்குத் தாய் மீது பழியா?

சகோதரிகளே, ஜிந்துப்பிட்டியின் ஒடுங்கிய வீடுகளில் குடித்தனம் நடத்தும் உங்களுக்கு இடத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாயைச் சுருட்டி வைத்தால்தான் பகலில் நடமாட இடம் கிடைக்கும். நமது உடம்பின் கலங்களிலும் இதே கதைதான். கலத்தினுள் இருக்கும் கருவின் அகலம் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குகூட வராது. அதற்குள் சுமார் இரண்டு மீற்றர் நீளமான டீ.என்.ஏ. நூல் அடங்கியிருக்கிறது!

எப்படி அடங்குகிறது? தையல்காரி நூற்கட்டையில் நூல் சுற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஹிஸ்டோன் எனும் புரதங்கள் எட்டு சேர்ந்து ஒரு சின்னஞ்சிறு கட்டை. நூல் அதை ஒன்றே முக்கால் சுற்றளவில் சுற்றி, சற்றுத் தள்ளி அடுத்த கட்டைக்குப் போகிறது. நூலுக்கு எதிர் மின்னேற்றம், கட்டைக்கு நேர் மின்னேற்றம்; ஆகவே பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும். மணிகோத்த இந்தச் சரம் மடிந்து மடிந்து, கலம் இரண்டாகப் பிரியும் வேளையில் மிக இறுக்கமாகிறது. அப்போதுதான் நிறமூர்த்தங்களைத் தனித்தனியே எண்ணலாம். நமக்கு 46. நெடுங்காலம் 48 என்றே படித்தவர்களும் நம்பியிருந்தார்கள். தியோ, லெவான் எனும் இருவர்தான் 1956இல் அதைத் திருத்தினார்கள்.

நமது நாட்டுக் காடுகளில் குரைக்கும் கேளையாட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிங்களத்தில் ஓலுமுவா என்பார்கள். அதன் இனத்தைச் சேர்ந்த இந்தியக் கேளையாட்டில் பெண்ணுக்கு ஆறே ஆறு நிறமூர்த்தங்கள், ஆணுக்கு ஏழு என்று 1970இல் கண்டறிந்தார்கள். அதன் சீனத்து உறவுக்கோ 46! பல சிறு நிறமூர்த்தங்கள் காலப்போக்கில் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதானதே காரணம். எண்ணிக்கை குறைந்தாலும் விலங்கு சுகமாகத்தான் ஓடித் திரிகிறது.

மனிதரிலும் சிலருக்கு இப்படி ஒட்டுவதுண்டு. பதினான்காம் நிறமூர்த்தத்தோடு இருபத்தோராவது ஒட்டிக்கொண்டால் எண்ணிக்கை 45. ஆனால் அவருக்கு ஒரு குறையும் தெரியாது. பிள்ளைக்கு அந்த ஒட்டிய துண்டும், தனியான இருபத்தொன்றும் சேர்ந்து போனால் இருபத்தொன்று மூன்று பங்காகிவிடும். அதுவே டவுன் சின்ட்ரோம்.

டவுன் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு ஒட்டுதல் காரணமல்ல. கருமுட்டை உருவாகும்போது ஜோடி பிரியாமல் தங்கிவிடுவதே காரணம். தாயின் வயது கூடக்கூட இதற்கான வாய்ப்பும் கூடும். நூறில் மூன்று நான்கு பேருக்கே ஒட்டுதலால் வருகிறது. அதைச் சுமந்தவர் தாயாகவும் இருக்கலாம், தகப்பனாகவும் இருக்கலாம். இருவரிடமும் இல்லாமல் பிள்ளையில் புதிதாகவும் தோன்றலாம். கிரகணத்தில் வெளியே போனாள், அன்னாசி தின்றாள் என்று மருமகளைக் குத்திக்காட்டும் மாமிமார் இதைக் கொஞ்சம் வாசித்தால் நல்லது. எதைத் தின்றாலும் இருபத்தோராவது நிறமூர்த்தம் ஒட்டாது.

பரிசோதனையும் இருக்கிறது. இரத்தக் கலங்களை மூன்று நாளளவில் வளர்த்து, நூல் நன்றாகச் சுருண்ட நிலையில் பிரிவை நிறுத்திப் படம் பிடித்து எண்ணுவார்கள். பிள்ளையிடம் ஒட்டுதல் தெரிந்தால், அடுத்த பிள்ளைக்கு முன் உம்மா, வாப்பா இருவருமே இரத்தம் கொடுக்க வேண்டும்.