காலையில் வெயில்! மாலையில் பனிப் புயல்!
கொலராடோ நாட்டுப்புறத்தின் மார்ச் மாத விந்தை

காலையில் இதமான வெயில். மத்தியானம் ஊசி குத்துவது போன்ற குளிர் காற்று. மாலையில் எதிரே நிற்பவர் முகம் தெரியாத பனிப் புயல்!

மூன்றும் ஒரே நாளில் வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது அமெரிக்காவில் உள்ள கொலராடோ மாநிலம்.

மார்ச் மாதம் 20-ந் தேதி வாக்கில் அங்கு வசந்த காலம் பிறந்துவிட்டது என்று காலண்டர் சொல்லும். ஆனால், வானம் காலண்டரைப் பார்ப்பதில்லை. கொலராடோவின் தலைநகரம் டென்வர். அங்கு அதிகமாகப் பனி கொட்டும் மாதம் எது தெரியுமா? டிசம்பர் அல்ல, ஜனவரியும் அல்ல. நீண்ட காலக் கணக்கைப் பார்த்தால், மார்ச் மாதம்தான்!

மலையும் பொட்டலும்

இந்த விந்தைக்குக் காரணம், அந்த மண்ணின் அமைப்பு.

கொலராடோவின் மேற்குப் பக்கம் ராக்கி மலை. வடக்கு தெற்காக மதில் எழுப்பியது போல அது நிற்கிறது. 14,000 அடிக்கு மேல் உயரமான சிகரங்கள் மட்டும் 50-க்கு மேல் உள்ளன.

கிழக்குப் பக்கம் வறண்ட சமவெளி. கண்ணுக்கு எட்டிய தூரம் புல்லும் கோதுமை வயலும்தான். காற்றைத் தடுக்க ஒரு குன்று கிடையாது. ஒரு தோப்பு கிடையாது.

மலையும் சமவெளியும் சந்திக்கும் இடத்தில் டென்வர் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் அதன் உயரம் ஒரு மைல். ஓர் ஆண்டு முழுவதும் அங்கு விழும் மழையையும் பனியையும் தண்ணீராக அளந்தால் சுமார் 15 அங்குலம்தான் தேறும்.

பனி தின்னும் காற்று

மேற்கே இருந்து வரும் காற்று மலையில் ஏறும்போது ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. பிறகு கிழக்குச் சரிவில் வறண்ட காற்றாக இறங்குகிறது. இறங்க இறங்க அமுங்குகிறது. அமுங்க அமுங்கச் சூடாகிறது. ஆயிரம் மீட்டர் இறங்கினால் சுமார் 10 டிகிரி சூடு ஏறும்.

இந்தக் காற்றுக்கு 'சினூக்' என்று பெயர். 'பனி தின்னி' என்றும் ஜனங்கள் சொல்வார்கள். முழங்கால் அளவு பனியைக்கூட அது வெகு சீக்கிரம் கரைத்துவிடும்.

இதன் வேகத்துக்கு ஒரு சாட்சி உண்டு. கொலராடோவுக்கு வடக்கே தெற்கு டக்கோட்டா மாநிலத்தில், ஒரு மலையடிவாரத்தில் ஸ்பியர்பிஷ் என்ற ஊர் இருக்கிறது. 1943-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி காலை 7.30 மணிக்கு அங்கு உஷ்ணம் சைபருக்குக் கீழே 20 டிகிரி. இரண்டே நிமிடத்தில் அது சைபருக்கு மேலே 7 டிகிரி ஆகிவிட்டது! பிறகு காற்று நின்றது. உஷ்ணம் பழையபடி சரிந்தது. வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டன.

நல்ல வெயிலே எச்சரிக்கை!

கிழக்கே இருந்து காற்று வந்தால் கதையே வேறு. மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து வரும் ஈரக் காற்று, மலைச் சரிவில் மேலே தள்ளப்படுகிறது. ஏற ஏற அது குளிர்கிறது. ஈரம் முழுவதும் பனியாகக் கொட்டுகிறது.

அந்தக் காற்றை இழுத்து வருவது எது? ராக்கி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உருவாகும் புயல் சின்னம். மார்ச் மாதத்தில் தெற்கே வெப்பம் ஏறத் தொடங்கிவிடும். வடக்கே குளிர் இன்னும் விலகியிராது. இரண்டும் மோதும்போது இந்தப் புயல் வலுவடைகிறது.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புயலுக்கு முன்னால் தெற்கே இருந்து வெதுவெதுப்பான காற்று வீசும். புயல் கடந்ததும் வடக்கே இருந்து உறைபனிக் காற்று பாயும். ஆகவே, மார்ச் மாதத்தில் திடீரென்று வரும் இதமான காலை, சில சமயம் வரப்போகும் புயலின் தூதனாக இருக்கும்!

இதை அறியாமல் ஒரு கிராமம் பட்ட துயரத்தை இன்றும் அங்கு சொல்கிறார்கள்.

பஸ்ஸில் 20 பிள்ளைகள்

1931-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி. கொலராடோவின் கிழக்குக் கோடியில், டவுனர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அதற்கு முன்பு நல்ல வெயில் அடித்திருந்தது. அதை நம்பிப் பல பிள்ளைகள் மெல்லிய உடையில் பஸ் ஏறினார்கள்.

பள்ளிக்குப் போய்ச் சேரும்போதே புயல் சீறத் தொடங்கிவிட்டது. ஆசிரியர்கள் இருவரும் பயந்தார்கள். "பிள்ளைகளை வீட்டுக்கே கொண்டுபோய் விடுவதுதான் நல்லது" என்று முடிவு செய்தார்கள்.

பஸ்ஸில் 20 பிள்ளைகள். டிரைவர் கார்ல் மில்லர். அவருடைய மகளும் அந்த பஸ்ஸில் இருந்தாள்.

கொஞ்ச தூரத்துக்குள் பாதை மறைந்துவிட்டது. எங்கும் வெள்ளை. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. உடைந்த ஜன்னல் வழியாகப் பனி உள்ளே கொட்டியது.

இரவு முழுவதும் பிள்ளைகள் தூங்காமல் இருக்கப் போராடினார்கள். தூங்கினால் மரணம்! மூத்த பிள்ளைகள் சிறியவர்களைக் குதிக்கச் சொன்னார்கள், கைகால்களைத் தேய்த்துவிட்டார்கள். பிரையன் அன்டீட் என்ற 13 வயதுச் சிறுவன் தன் உடையைக் கழற்றிச் சிறுவர்களுக்குக் கொடுத்தான்.

மறுநாள் காலை மில்லர் உதவி தேடிப் புறப்பட்டார். அவர் திரும்பவில்லை. வயல் வேலி ஓரத்தில் அவருடைய பிணம்தான் கிடைத்தது.

33 மணி நேரத்துக்குப் பிறகுதான் பஸ்ஸைக் கண்டுபிடித்தார்கள். 5 பிள்ளைகளின் உயிர் போய்விட்டது. மில்லரின் மகளும், பிரையனின் தம்பியும் அந்த ஐவரில் அடக்கம்.

அப்போதைய ஜனாதிபதி ஹூவர், பிரையனை வெள்ளை மாளிகைக்கு விருந்தாளியாக அழைத்துப் பெருமைப்படுத்தினார். பஸ் நின்ற இடத்தின் அருகே இன்று ஒரு நினைவுக் கல் நிற்கிறது.

கன்றும் கோதுமையும்

மார்ச் மாதம் அங்கு மாடுகள் கன்று போடும் காலம். பிறந்த கன்றின் உடம்பில் ஈரம் காய்வதற்குள் பனிக் காற்று அடித்தால், காதும் வாலும் உறைந்துபோகும். அதனால் விவசாயிகள் இரவிலும் டார்ச் விளக்குடன் மாடுகளைச் சுற்றி வருவார்கள். நடுங்கும் கன்றைத் தங்கள் வண்டியில் ஏற்றி, ஹீட்டர் பக்கத்தில் படுக்க வைப்பதும் உண்டு.

ஆனால், அந்த விவசாயி பனியைச் சபிக்க மாட்டார். காரணம், அவருடைய கோதுமை! இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமைக்குப் பனி ஒரு போர்வை. கரைந்த பிறகு அதுவே பாசனம்.

மார்ச் மாதப் பனி ஈரம் மிகுந்தது, கனமானது. மரக்கிளையை முறிக்கும், கூரையை அமுக்கும். ஆனால், அந்தக் கனம் முழுவதும் தண்ணீர்!

2002-ம் ஆண்டு கொலராடோ கடும் வறட்சியில் தவித்தது. காடுகள் தீப்பற்றி எரிந்தன. 2003-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி முதல் பெரும் பனிப் புயல் அடித்தது. டென்வரில் 31.8 அங்குலப் பனி விழுந்தது. போக்குவரத்து நின்றது. ஆனாலும், வறண்ட மண்ணுக்கு அது அமுதமாக இருந்தது.

மலையில் சேரும் பனிதான் கொலராடோ ஆற்றுக்கு ஊற்று. அந்த ஆற்றுத் தண்ணீரை நம்பிப் பல மாநிலங்களிலும் மெக்சிகோவிலும் சுமார் 4 கோடி மக்கள் இருக்கிறார்கள்.

முன்கூட்டியே தெரிந்தது

2019-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி மீண்டும் ஒரு கொடிய புயல் வந்தது. இந்தத் தடவை வானிலை நிபுணர்கள் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார்கள். பல பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. டென்வர் விமான நிலையத்தின் ஓடுபாதைகளும் மூடப்பட்டன. ஆனாலும் நூற்றுக்கணக்கான வண்டிகள் சாலையில் சிக்கிக்கொண்டன. உதவிக்குப் போன ஒரு போலீஸ்காரர் உயிர் இழந்தார்.

1931-ல் அந்தப் பிள்ளைகளுக்கு எச்சரிக்கை சொல்ல ரேடாரும் இல்லை. செயற்கைக் கோளும் இல்லை. இன்று இரண்டும் உண்டு. ஆனாலும், கொலராடோ நாட்டுப்புறத்தில் மார்ச் மாதம் வெளியூர் போகிறவர் வெயிலைப் பார்த்து ஏமாறுவதில்லை. வண்டியில் ஒரு கம்பளி, கொஞ்சம் தின்பண்டம், ஒரு மண்வெட்டி இவற்றை எடுத்து வைத்த பிறகுதான் புறப்படுகிறார்.