குருதி சொல்லும் செய்தி

காய்ச்சல் வந்தால் உடல் சுடும், சொத்தைப்பல் வலிக்கும். ஆனால், குருதியில் கொலஸ்ட்ரால் மிகும்போது பெரும்பாலும் எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. அது தமனிகளின் உட்சுவரில் பல்லாண்டுகள் படிந்து, மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ வெளிப்படக்கூடும். அதனை முன்னரே அறிவதற்கு இரத்தப் பரிசோதனை உதவுகிறது.

கொலஸ்ட்ரால் முற்றிலும் தீயது அன்று. உயிரணுக்களின் சவ்வை அமைக்கவும், வைட்டமின் டி, சில ஹார்மோன்கள் ஆகியவற்றை உண்டாக்கவும் அது தேவை. கொழுப்பு நீரில் கரையாது. ஆகவே, புரதத்தோடு சேர்ந்து குருதியில் செல்கிறது. எல்.டி.எல். என்னும் ஊர்தி அதனை உடலெங்கும் கொண்டுசெல்கிறது. அளவு மிகுந்தால் தமனியில் படிகிறது. எச்.டி.எல். எஞ்சியதைக் கல்லீரலுக்குத் திரும்பக் கொண்டுவருகிறது.

எல்.டி.எல்.-ஐ உயிரணுக்கள் பற்றி உள்வாங்கும் முறையைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் ஆகிய அமெரிக்க அறிவியலாளர்கள் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். அவ்வாறு உள்வாங்கும் திறனில் உள்ள குறை பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவதும் உண்டு. எனவே, மெலிந்த உடலினருக்கும், தேயிலை மலையில் நாள்தோறும் ஏறி இறங்கிக் கொழுந்து பறிப்பவருக்கும் கொலஸ்ட்ரால் மிகலாம்.

வெறும் வயிற்றோடு வருமாறு மருத்துவர் கூறினால், 9 முதல் 12 மணி நேரம் உண்ணாமல் இருத்தல் வேண்டும். இரவு 8 மணிக்கு உணவை முடித்தவர் மறுநாள் காலை 7 மணிக்குக் குருதி கொடுக்கலாம். தண்ணீர் அருந்தலாம். மூணாற்றுக் குளிரில் விடியற்காலையில் அருந்தும் சர்க்கரையிட்ட கட்டன் சாயா அன்று ஆகாது. வழக்கமான மருந்தைத் தாமாக நிறுத்துதலும் கூடாது. பரிசோதனைக்காகச் சில நாள் மட்டும் உணவைக் குறைத்தால், உண்மை நிலை தெரியாமல் போகும்.

பல ஆய்வகங்கள் எல்.டி.எல். அளவைக் கணக்கிட்டே எழுதுகின்றன. மொத்தக் கொலஸ்ட்ரால் 210, எச்.டி.எல். 45, டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 150 எனக் கொள்வோம். 150ஐ 5ஆல் வகுத்தால் 30. 210இலிருந்து 45ஐயும் 30ஐயும் கழித்தால் எல்.டி.எல். 135. காலை உணவு உண்டதால் டிரைகிளிசரைடு 200ஆக உயர்ந்தால், அதே கணக்கில் எல்.டி.எல். 125 என்று குறைந்து தோன்றும்.

பொதுவாக மொத்தக் கொலஸ்ட்ரால் 200க்கும், எல்.டி.எல். 100க்கும், டிரைகிளிசரைடு 150க்கும் குறைவாக இருத்தல் நன்று. எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் மேல் இருத்தல் வேண்டும். இவை ஒரு டெசிலிட்டர் குருதியில் உள்ள மில்லிகிராம் அளவுகள்.

கொழிஞ்சாம்பாறையிலும் தேவிகுளத்திலும் தமிழ் மட்டுமே அறிந்த பாட்டிக்கு ஆங்கில அறிக்கையைப் படித்துக் காட்டுபவர் பள்ளி செல்லும் பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம். எண்களைப் பிழையின்றிப் படித்துச் சொல்வதே அப்பிள்ளையின் பணி. தீர்ப்புச் சொல்வது அன்று. வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பாதலால், அதில் பொரித்த நேந்திரங்காய் வறுவலை எந்த அளவில் உண்ணலாம் என்பதையும் அவரிடமே கேட்டறிதல் நலம்.